தைராய்டுக்காக முதல் முறை நிபுணரைப் பார்க்கப் போகிறீர்களா?

யான் சுகாதார கிளினிக்கிலோ குவார் செம்பெடாக் கிளினிக்கிலோ டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருப்பார். 'சூராட் ருஜுக்கான்' என்று நாம் சொல்லும் பரிந்துரைக் கடிதம். சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ, அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ போகச் சொல்லியிருப்பார். யானில் ஒரு மாவட்ட மருத்துவமனை இருந்தாலும், ஹார்மோன் கோளாறுகளுக்கான நிபுணர் கிளினிக் என்றால் ஜெராய் மலையின் ஒரு பக்கமாகத் தெற்கே போக வேண்டும், அல்லது வயல்வெளிகளைத் தாண்டி வடக்கே போக வேண்டும். கிடைத்த தேதியோ பல வாரங்கள் தள்ளி இருக்கும்.

இந்தக் காத்திருப்புக் காலத்தைப் பலர் இரண்டு விதமாகக் கழிக்கிறார்கள். சிலர் பயந்து பயந்து, கேட்டவர் சொன்ன கஷாயத்தையெல்லாம் குடிக்கிறார்கள். சிலர் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுத் தேதி அன்றைக்குத்தான் தேடுகிறார்கள். நிபுணர் உங்களோடு செலவிடப் போவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடம் பயனுள்ளதாக இருக்குமா, "ரிப்போர்ட் இல்லையா, மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு அடுத்த தேதிக்கு வாருங்கள்" என்று முடியுமா என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நிபுணரிடம் அனுப்பிவிட்டார்கள் என்றாலே நோய் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களில் பெரும்பாலோரைச் சுகாதார கிளினிக்கிலேயே ஆண்டுக்கணக்கில் நன்றாகப் பார்த்துக் கொள்கிறார்கள். சுரப்பு மிகையாக இருப்பது, கழுத்தில் கட்டி, கர்ப்பம், மருந்துக்கு அடங்காத ரத்த அளவுகள் போன்றவைதான் மேலே அனுப்பப்படும். அங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்து, அவசரத்துக்கு ஏற்பத்தான் தேதி போடுகிறார்கள். எனவே கடிதத்தில் உங்கள் ரத்த அளவும் நாடித்துடிப்பும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கிளினிக்கிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை.

கங்காணியின் சத்தம்

தைராய்டு என்பது தொண்டைக்கு முன்னால், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி போல் ஒட்டியிருக்கும் சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். உடல் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இதயம் துடிக்கும் வேகம், குடல் அசையும் வேகம், உடம்பின் சூடு, மனத்தின் சுறுசுறுப்பு எல்லாம் அதில் அடக்கம். அது சுரப்பது டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்கள்.

உங்கள் ரத்த ரிப்போர்ட்டில் முதலில் தெரிவது டிஎஸ்எச். இது தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். டிஎஸ்எச் கங்காணியின் சத்தம், டி4 என்பது வேலையாளின் உழைப்பு. வேலையாள் சோர்ந்தால் கங்காணி உரக்கக் கத்துவார். அதாவது தைராய்டு குறைந்தால் டிஎஸ்எச் உயரும். வேலையாள் சொல்லாமலே இரண்டு மடங்கு செய்தால் கங்காணி வாயை மூடிக்கொள்வார். தைராய்டு மிகுந்தால் டிஎஸ்எச் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "எனக்குத் தைராய்டு ஏறிப்போச்சு" என்று வந்து நிற்பது இதனால்தான். ஏறியது டிஎஸ்எச். தைராய்டு உண்மையில் குறைந்திருக்கிறது.

இந்தக் கங்காணி கொஞ்சம் மிகையாகக் கத்துபவர் என்பதும் தெரிந்திருக்கட்டும். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரை உயரக்கூடும். அதனால்தான் டி4 இயல்பாக இருக்கும்போதே டிஎஸ்எச் மட்டும் லேசாக ஏறிக் காட்டும் நிலை பலருக்கு வருகிறது. அந்த நிலையில் உடனே மாத்திரை தராமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னால், டாக்டர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடுகிறது.

இந்தியாவுக்குப் போயிருந்தபோது சென்னையிலோ திருச்சியிலோ 'ஃபுல் செக்கப்' செய்துகொண்டு வந்தவர்கள் நம்மில் நிறைய. அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். ஆனால் எண்களை நீங்களே ஒப்பிட வேண்டாம். அங்கே டி4 அளவைப் பெரும்பாலும் நானோகிராம் கணக்கில் தருவார்கள், இங்கே பைக்கோமோல் கணக்கு. அங்கே 1.2 என்று இருப்பதும் இங்கே 15 என்று இருப்பதும் ஏறத்தாழ ஒரே அளவுதான். பன்னிரண்டு மடங்கு ஏறிவிட்டது என்று ஒருவர் இரவெல்லாம் தூங்காமல் இருந்த கதை எனக்குத் தெரியும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று

காத்திருக்கும் வாரங்களில் ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்துக் கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும், படுக்கையில் இருந்தபடியே மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பெண்களாக இருந்தால் மாதவிலக்கு வந்த தேதியும், ரத்தப்போக்கு கூடியதா குறைந்ததா என்பதும் வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே நாடி மூன்று வாரமாகத் தொண்ணூறுக்கு மேல் என்று எழுதிக் காட்டினால், "கொஞ்சம் படபடப்பா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அதற்குப் பல மடங்கு மதிப்பு உண்டு.

மருந்துகளின் பட்டியலும் அதே நோட்டில் இருக்கட்டும். பெயர் எழுதத் தெரியாவிட்டால் பாக்கெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அப்படியே கொண்டு போங்கள். இங்கே ஒளிக்கவே கூடாத சில விஷயங்கள் உண்டு. முடி உதிர்கிறது என்று கடையில் வாங்கித் தின்னும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 30 மைக்ரோகிராம்தான். அந்த மாத்திரைகளிலோ 5,000, 10,000 என்று இருக்கும். அது உடலுக்குக் கெடுதல் செய்வதைவிட, ரத்தச் சோதனை இயந்திரத்தை ஏமாற்றிவிடுகிறது. சில இயந்திரங்களில் டிஎஸ்எச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டி, இல்லாத நோயை இருப்பதாக்கிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். முடி உதிர்வதே தைராய்டு கோளாறின் அறிகுறி என்பதால், சோதனைக்கு வருபவர்களில் பலர் இதைச் சாப்பிடுபவர்களாகவே இருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

அடுத்தது ஜாமு, மூட்டுவலிக்குச் சந்தையில் விற்கும் உருண்டைகள், இளைக்க வைக்கும் காப்பி. இவற்றில் சிலவற்றில் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு டிஎஸ்எச் அளவைக் கீழே இறக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரப்படும் அமியோடரோன் மாத்திரையிலோ அயோடின் ஏராளம். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம்தான் என்பதை நினைத்தால், அது எத்தனை நூறு மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள். அந்தச் சாயத்திலும் அயோடின்தான்.

ஏற்கெனவே லெவோதைரோக்சின் மாத்திரை சாப்பிடுபவர்கள், எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறோம் என்பதையும் எழுத வேண்டும். என் பெரியம்மாவின் கதை இதற்கு உதாரணம். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்த மாத்திரை 75 ஆனது, 100 ஆனது, டிஎஸ்எச் மட்டும் இறங்கவே இல்லை. எல்லோரும் அவர் மாத்திரை சாப்பிடுவதில்லை என்று திட்டினோம். அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. விடியற்காலையில், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரோடு, ரத்தச் சோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கிக் கொண்டிருந்தார்! பால், தேநீர், காப்பி, கால்சியம், இரும்பு, சோயா எல்லாமே குடலில் அந்த மருந்து சேர்வதைத் தடுப்பவை. ஒரு டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து காலை முதல் இரவு வரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர், இரும்பு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி என்று மாற்றினார்கள். அளவு திரும்பவும் 75-க்கே வந்தது. அவரைத் திட்டியதற்கு நாங்கள் யாரும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ரத்தம் கொடுக்கும் நாளில் அந்தக் காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு சாப்பிடுவது நல்லது. விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 சற்றுத் தூக்கலாகக் காட்டும்.

என்ன சொல்லப் போகிறீர்கள்?

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வீட்டில் "அசதியா இருக்கு, கை காலெல்லாம் கழண்டு போன மாதிரி இருக்கு" என்று சொல்பவர், டாக்டருக்கு முன்னால் போனதும் "சாக்கிட்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகிறார். டாக்டர் எங்கே வலி என்று கேட்கிறார். வலி எங்கும் இல்லை. பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ எல்லா நாளும் இருக்க மாட்டார்கள். எனவே சில சொற்களைத் தமிழெழுத்திலேயே நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். களைப்புக்கு லெத்தே. நெஞ்சு படபடப்புக்கு பெர்டெபார். கை நடுக்கத்துக்கு கெத்தார் அல்லது மெங்கிகில். வியர்வை பெலு. குளிர் தாங்கவில்லை என்றால் செஜுக், மலச்சிக்கலுக்கு செம்பெலித், வீக்கத்துக்கு பெங்காக். மாதவிலக்கு ஹைட். கழுத்து வீக்கத்துக்கு 'பெகுக்' என்று சொன்னால் கவனம் தேவை. மலாயில் அந்தச் சொல் முன்கழுத்துக் கழலைக்கும் வரும், பிள்ளைகளுக்கு வரும் பொன்னுக்குவீங்கிக்கும் வரும். கையால் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுங்கள்.

எப்போது தொடங்கியது என்பதற்குத் தேதி நினைவில்லாவிட்டால், நிகழ்ச்சியை வைத்துச் சொல்லுங்கள். "போன தைப்பூசத்துக்குக் காவடி கூடவே நடந்தேன், தீபாவளிக்குப் படி ஏறவே மூச்சு வாங்கியது" என்பது மிக நல்ல மருத்துவக் குறிப்பு. அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது தைராய்டு, சின்ன வயதிலேயே இன்சுலின் போடும் சர்க்கரை நோய், வெண்தோல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தைராய்டு கோளாறுகளில் பல, உடலின் காவல் படையே தன் சுரப்பியைத் தாக்குவதால் வருபவை. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-இல் விவரித்த வகை சுரப்பைக் குறைக்கும். டப்ளின் நகரில் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த வகை மிகையாக்கும். இரண்டும் குடும்பத்தில் ஓடும். இரண்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம் வரும்.

கண் பிதுங்கியிருக்கிறதா, முகம் ஊதியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் பழைய புகைப்படம் கேட்பதுண்டு. அதற்கு அல்பம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உங்கள் பையில் இருக்கும் அடையாள அட்டையிலேயே பழைய முகம் இருக்கிறது.

அறைக்குள்ளே

எடை, ரத்த அழுத்தம், நாடி பார்ப்பார்கள். டாக்டர் உங்கள் பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவிப் பார்ப்பார், ஒரு மடக்குத் தண்ணீரைக் கொடுத்து "தெலான்", விழுங்குங்கள் என்பார். தைராய்டு குரல்வளையோடு ஒட்டியிருப்பதால் விழுங்கும்போது அதுவும் மேலே ஏறி இறங்கும். வேறு கட்டிகள் பொதுவாக அப்படி நகர்வதில்லை. கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைப்பார். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் தாளில் தெரிந்துவிடும். கழுத்து இறுக்கமில்லாத உடை போட்டுப் போங்கள். ஸ்கேன் எடுக்கும்போது தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பெண்கள் கவலைப்படுவதுண்டு. பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தாலே போதும்.

ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்றவுடன் மனம் புற்றுநோய்க்குப் போய்விடும். தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புற்றுநோய் அல்ல. சந்தேகம் இருந்தால் ஊசி வைத்துச் சில உயிரணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஊசி ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்குத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியவை நான்கைந்துதான். எனக்கு இருப்பது குறைவா மிகையா, அதன் பெயர் என்ன? காரணம் என்ன? மருந்து இப்போதே வேண்டுமா, பார்த்துக்கொண்டே இருக்கலாமா? அடுத்த ரத்தச் சோதனை எப்போது, யானிலேயே எடுக்கலாமா? எது நடந்தால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும்? நான்காவது கேள்வியை மறக்காதீர்கள். நாற்பது கிலோமீட்டர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, இன்னொரு நாள் டாக்டரைப் பார்க்க மறுபடி போவது கூலி வேலை செய்பவருக்கு இரண்டு நாள் சம்பளம். சுகாதார கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட் என்றாலும், கிரேப் வண்டிக்கும் இழந்த கூலிக்கும் யாரும் சலுகை தருவதில்லை. லெவோதைரோக்சின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் சோதித்துப் பயன். அந்த மருந்தில் பாதி உடலை விட்டுப் போகவே ஒரு வாரம் ஆகும். பத்தாம் நாளே சோதிக்க ஓடுவது பண விரயம்.

கோஸ் சாப்பிடலாமா, மரவள்ளிக் கிழங்கு சாப்பிடலாமா என்ற கேள்வியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மரவள்ளியில் உள்ள ஒரு பொருள் உடலில் மாறி அயோடின் தைராய்டுக்குள் நுழைவதைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அயோடின் மிகவும் குறைந்த பகுதிகளில், நாள்தோறும் அதையே தின்பவர்களுக்குத்தான் அது கழலையை உண்டாக்கியது. ஜப்பான் காலத்தில் மரவள்ளியையே தின்று பிழைத்த தலைமுறையின் நிலை வேறு. வாரம் ஒரு நாள் மீன் குழம்போடு சாப்பிடும் உங்கள் நிலை வேறு. இந்தியாவின் இமயமலை அடிவாரத்தில், காங்ரா பள்ளத்தாக்கில், 1956-இல் தொடங்கிய ஆய்வில் டாக்டர் ராமலிங்கசுவாமியின் குழு உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துக் கழலை குறைவதை நிரூபித்தது. உலகம் முழுவதும் இன்று நாம் வாங்கும் அயோடின் உப்புக்குப் பின்னால் அத்தகைய ஆய்வுகள் இருக்கின்றன. அதற்காகக் கடற்பாசி மாத்திரை வாங்கிக் கூடுதல் அயோடின் தின்னாதீர்கள். மிகையும் இந்தச் சுரப்பியைக் கெடுக்கும்.

தேதிக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

மாதவிலக்கு தள்ளிப் போயிருக்கிறதா? முதலில் கர்ப்பச் சோதனை. கர்ப்பம் என்றால் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் கருவிலுள்ள குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குத் தேவை அப்போதே கூடத் தொடங்கிவிடும். மிகைக்கு கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அவசரம். அந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். யாருக்கானாலும் இரண்டு மருந்துகளையும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

கார்பிமசோல் சாப்பிடும் யாருக்கும் காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் நிலைமை வேறு. அரிதாக அந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அழித்துவிடும். அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே, இரவானாலும் யான் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் மருந்தின் பெயரைச் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பெனடால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பது இங்கே உயிரோடு விளையாட்டு.

கழுத்துக் கட்டி சில வாரங்களிலேயே பெருத்தாலும், குரல் கம்மிப்போய் அப்படியே நின்றாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும், கண் வலித்துப் பார்வை மங்கினாலும், ஓய்விலேயே இதயம் தாறுமாறாக அடித்தாலும் அப்படியே. தைராய்டு குறைந்த வயதான பாட்டி உடம்பு சில்லிட்டு, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தால் "தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டுக் கண் கலங்குபவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு அறவே குறைந்து முகம் ஊதி, பேச்சுக் குழறிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். பிறகு அதே சாற்றை வாய் வழியாகக் கொடுத்தார். அந்தப் பெண் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74 வயதில் 1919-இல் காலமானார். அவர் பிழைத்திருக்க எத்தனையோ ஆடுகள் தேவைப்பட்டன. நமக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போதும்.

நிபுணர் அறையிலிருந்து வெளியே வந்ததும் கார்டில் அடுத்த தேதி எழுதியிருக்கிறதா, ரத்தம் எடுக்கும் தாள் கையில் இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். மாத்திரையை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ, அடுப்புப் பக்கத்திலோ, சாமி மேடை விளக்குக்கு அருகிலோ வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. வீட்டிலேயே குளிர்ந்த, காய்ந்த ஓர் அலமாரித் தட்டில், காலையில் எழுந்ததும் கண்ணில் படும் இடத்தில், தேநீர் டப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.